‘டோனட்ஸ்’ மறுபதிப்புத் தட்டைத் திருகோணமலைக்கு வளையாமல் கொண்டுவந்து சேர்ப்பது

உப்புவெளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் முதல் வைனில் இசைத்தட்டு வந்து சேரப் பதினொரு கிழமை எடுத்தது. அதில் நாலு கிழமை என் பெயரை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியதால் போனது. கொழும்புக்கு இரண்டு தரம் போய்வந்தேன். கடைசியில் தட்டு கைக்கு வந்தபோது அதன் விலையைவிட அதைக் கொண்டுவந்த செலவு கூடியிருந்தது. இதில் எதுவும் தவிர்க்க முடியாததல்ல. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அரைவாசிக் காசும் முக்கால்வாசி அலைச்சலும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தேடியது அமெரிக்க ஹிப்ஹொப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’ இசைத்தொகுப்பு. பாடல் வரிகளோ ராப்போ இல்லாமல், பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த 31 குறுந்துண்டுகள். மொத்தம் ஏறக்குறைய 43 நிமிடம். 2006 பெப்ரவரி 7ஆம் திகதி ஸ்டோன்ஸ் த்ரோ என்ற இசைக் கொம்பனி வெளியிட்டது. உங்கள் தேடல் வேறு இசைத்தொகுப்பாக இருந்தாலும் கீழே உள்ள படிகள் பெரும்பாலும் பொருந்தும். நான் அனுபவத்தில் அறிந்தது இதைத்தான் என்பதால் உதாரணங்கள் எல்லாம் இதிலிருந்தே வரும்.

1. எந்தப் பதிப்பு வேண்டும் என்று முதலில் எழுதி வையுங்கள்

‘டோனட்ஸ் வைனில்’ என்று தேடினால் ஒரே இசைக்குப் பல முகங்கள் வரும். டில்லா தொப்பியோடு சிரிக்கும் படம் உள்ள அட்டை ஒன்று. டோனட் கடையை வரைந்த ஓவிய அட்டை இன்னொன்று. இரண்டு அட்டையோடும் இரட்டைத் தட்டுகள் வந்திருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பார்த்தே ஆண்டைத் தீர்மானித்துவிடுகிறார்கள். அது பிழை. பழைய அச்சென்று நினைத்துக் கூடிய விலை கொடுத்துப் புதிய அச்சை வாங்கிவிடக்கூடும்.

ஆண்டை உறுதிப்படுத்த மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, அட்டையின் முதுகிலும் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளிலும் உள்ள அட்டவணை எண். ‘டோனட்ஸ்’ இரட்டைத் தட்டுக்கு அது எஸ்.டி.எச். 2126. இரண்டாவது, பட்டைக்குறியீடு. மூன்றாவது எல்லாவற்றையும்விட நம்பகமானது: ஊசி ஓடும் பள்ளம் முடிந்த பின், லேபிள் தொடங்குமுன், தட்டில் வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் கீறியோ பொறித்தோ எழுத்துகளும் எண்களும் இருக்கும். சேகரிப்பவர்கள் அதை மெட்ரிக்ஸ் என்பார்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு, வாங்கவும் விற்கவும் இடம்தரும் டிஸ்கொக்ஸ் தளத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் தனிப்பக்கம் உண்டு. அந்த மெட்ரிக்ஸ் எண்களும் அங்கே பதிவாகியிருக்கும். பழைய அச்சென்று சொல்லி யாராவது விற்றால் அந்த வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக விற்கிறவர் அதே நாளில் அனுப்பிவிடுவார். சாக்குப்போக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

2013இல் இதே இசையை 7 அங்குலச் சின்னத் தட்டுகளாகப் பிரித்துப் பெட்டியிலும் போட்டார்கள். படத்தில் பார்த்தால் ஆசை வரும். முதல் கொள்வனவாக அதை எடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த இசையின் உயிரே துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடுவதில்தான் இருக்கிறது. எழுந்து எழுந்து தட்டைப் புரட்டினால் அது அறுந்துபோகும். இரட்டைத் தட்டில் நான்கு பக்கம், பக்கத்துக்குப் பதினொரு நிமிடம் மட்டில். அதுவே போதுமான புரட்டல்.

முதல் அச்சுத்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கேட்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால், உறை பிரிக்காத புதிய மறுபதிப்பு நாலு பேர் கை மாறி வந்த பழைய அச்சைவிட உங்களுக்கு நல்லது. எங்கள் ஊருக்கு வந்து சேரும் தபால் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

2. தட்டை வாங்குமுன் அதைப் போடும் மெசினின் மின்சாரத்தைப் பாருங்கள்

தட்டு வந்த பிறகுதான் மெசினைப் பற்றி யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் தன் பழைய மெசினைக் கொண்டுவந்து தருகிறேன் என்பார். சந்தோசமாகச் சம்மதிக்குமுன் மெசினின் பின்பக்க எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்க ஒரு மின்மாற்றி வாங்கிவிடலாம். ஹேர்ட்ஸை அது மாற்றாது. பழைய ஏ.சி. மோட்டர் வகைகள் மின்சாரத்தின் ஹேர்ட்ஸைப் பின்பற்றியே சுழலும். அப்படியானால் 33⅓ சுற்றில் ஓட வேண்டிய தட்டு இங்கே 28க்கும் குறைவான சுற்றில் ஓடும். பாட்டு இழுபட்டு, சுருதி இறங்கிக் கேட்கும். அடப்டரில் ஓடும் டி.சி. மோட்டர் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அடப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும்.

பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லும் மலிவு மெசின்களில் இந்த வகை இசையைப் போடாதீர்கள். ஊசியை அழுத்தும் பாரத்தைச் சரிசெய்ய அவற்றில் பெரும்பாலும் வழி இருக்காது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அடித்தொனி கூடும்போது ஊசி துள்ளும். பாரத்தைத் திருத்தக்கூடிய ஊசிக் கை உள்ள மெசின் ஒன்றை எடுங்கள். ஊசிக் கொம்பனி சொல்லும் கிராம் கணக்கில் வையுங்கள். ஓடியோ டெக்னிக்காவின் விஎம்95இ ஊசிக்கு அது 2 கிராம். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். பாரம் போதாத ஊசி பள்ளத்துக்குள் குதித்து அதன் சுவரைத் தேய்க்கும்.

3. எங்கே வாங்குவது, யாரிடம் வாங்குவது

மூன்று வழி உண்டு. வெளியிட்ட கொம்பனியின் சொந்த இணையக் கடை, ஐரோப்பாவில் இருக்கும் பெரிய இசைத்தட்டுக் கடைகள், டிஸ்கொக்ஸில் தனியாள் விற்பனை. புதிய மறுபதிப்புக்கு முதலிரண்டும் போதும். சந்தையில் இல்லாமல்போன அச்சுக்கு மட்டும் மூன்றாவதைத் தேடுங்கள்.

ஐரோப்பியக் கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மனியில் 19 வீதமும் பிரித்தானியாவில் 20 வீதமும் பெறுமதிசேர் வரி அவர்கள் விலைக்குள் இருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கு அதைக் கழிக்கலாம். சில பெரிய கடைகள் நாடு இலங்கை என்று தெரிவுசெய்த உடனேயே விலையைக் குறைத்துக் காட்டும். சில காட்டாது. கூடையில் போட்டு, முகவரி கொடுத்த பிறகு வரும் விலையை வைத்தே ஒப்பிடுங்கள். முதல் பக்கத்து விலை ஏமாற்றும்.

டிஸ்கொக்ஸில் வாங்குவதானால் தர எழுத்துகளைப் படித்துக்கொள்ளுங்கள். மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), அதற்குக் கீழே குட். ‘குட்’ என்றால் நல்லது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்தத் தரத்தில் பாட்டுக்கு மேலாகச் சத்தம் கேட்கும். விஜி பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள். தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் என்று இரண்டாகப் போட்டிருப்பார்கள். இரண்டையும் பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே முன்பு எந்த விலைக்கு விற்றது என்ற கணக்கும் இருக்கும். நடுவிலையைவிட அதிகம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

கள்ளப் பதிப்புகளும் உலவுகின்றன. அட்டவணை எண் இல்லாமல், கொம்பனி பெயர் இல்லாமல், கொம்பனியின் பட்டியலில் இல்லாத நிறத்தில் தட்டு வந்தால் சந்தேகப்படுங்கள்.

4. காசு கட்டுவது

டிஸ்கொக்ஸ் விற்பனையாளர்களில் அதிகம் பேர் கேட்பது இணையத்தில் காசு அனுப்பும் பேபால் சேவையை. இலங்கையிலிருந்து பேபால் வழியாகக் காசு கட்ட முடியும். உங்கள் வங்கி அட்டையை அதில் இணைத்தால் போதும். அதற்கு முன் வங்கிக்கு ஒரு அழைப்பு எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, ஒரு தடவைக்கு எவ்வளவு வரை போகும், மாற்று வீதத்துக்கு மேலே என்ன கட்டணம் போடுவீர்கள். என் அட்டை முதல் தடவை மறுத்துவிட்டது. காரணம் அறிய இரண்டு நாள் போனது. அதற்குள் அந்தத் தட்டு இன்னொருவருக்கு விற்றுப்போயிற்று.

நண்பருக்குக் காசு அனுப்பும் முறையில் கட்டச் சொல்லும் விற்பனையாளர் வருவார். கட்டணம் குறையும் என்பார். அந்த முறையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே இல்லை. பொருளுக்கான கொடுப்பனவாகவே கட்டுங்கள். அப்போதுதான் பார்சல் வராவிட்டாலோ சொன்ன தரத்தில் இல்லாவிட்டாலோ காசு கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் முறையிடலாம். கடல் கடந்து வரும் பார்சலுக்கு அந்த 180 நாள் பெரிய பலம். காசு கட்டிய அன்றே கடைசித் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

5. பெயரும் முகவரியும்: என் நாலு கிழமை போன இடம்

இந்தப் படியைப் பாய்ந்து போகாதீர்கள்.

நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதுகிறோம், சிலவேளை முதலெழுத்தாகச் சுருக்குகிறோம். வெளிநாட்டுத் தளங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். டிஸ்கொக்ஸில் ஒரு மாதிரியும் பேபாலில் வேறு மாதிரியும் நான் நிரப்பியிருந்தேன். பார்சல் மேலே வந்த பெயர் என் அடையாள அட்டையில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை. வீட்டில் கூப்பிடும் பெயரை வேறு சேர்த்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் ஒழுங்காகவே கேட்டார்: இது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? என்னிடம் எதுவும் இல்லை. திரும்பி வந்தேன்.

ஆகவே அடையாள அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அதில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டல், அதே வரிசை. சுருக்கம் வேண்டாம். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் இல்லாவிட்டால் கடவுச்சீட்டில் உள்ளதை எழுதி, அதன் பிரதியையும் கையில் வைத்திருங்கள். எல்லாத் தளத்திலும் ஒரே பெயர்.

முகவரியில் வீட்டு இலக்கம், ஒழுங்கை, வீதி, அதன்பின் திருகோணமலை, 31000, இலங்கை. உவர்மலை, உப்புவெளி என்று இடப்பெயரையும் தனி வரியில் போடுங்கள். கைபேசி எண்ணை +94இல் தொடங்கி எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஒழுங்கை இருக்கும். தபால்காரர் அழைத்துக் கேட்க அந்த எண்தான் உதவும்.

6. எப்படி அனுப்பச் சொல்ல வேண்டும்

ஓடர் போட்ட கையோடு விற்பனையாளருக்கு ஒரு செய்தி எழுதுங்கள். அதில் நாலு வேண்டுகோள் இருக்கட்டும். தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வைத்துப் பொதியுங்கள். இரண்டு பக்கமும் தடித்த மட்டை வையுங்கள். பொருளின் உண்மை விலையைச் சுங்கப் படிவத்தில் எழுதுங்கள். விலைப்பட்டியலின் ஒரு பிரதியைப் பார்சலுக்கு வெளியே பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள்.

முதலாவது ஏன் என்றால், பார்சல் கீழே விழும்போது உள்ளே இருக்கும் தட்டின் பாரம் அட்டையின் மேல்விளிம்பைக் கிழித்துவிடும். உறை பிரிக்காத புதிய தட்டென்றால் பிரிக்க விரும்பமாட்டார்கள். கேட்டுத்தான் செய்விக்க வேண்டும். நான் கேட்கவில்லை. என் அட்டையின் மேல்விளிம்பு நாலு விரல் நீளத்துக்குப் பிளந்து வந்தது.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லும்படி பலர் ஆலோசனை தருவார்கள். செய்யாதீர்கள். பணம் கட்டிய அத்தாட்சியைச் சுங்கம் கேட்டால் பொய் உடனே வெளிப்படும். பார்சல் காணாமல் போனால் நட்டஈடும் எழுதிய குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

அமெரிக்க விற்பனையாளர் பக்கத்தில் ‘மீடியா மெயில்’ என்று மலிவுக் கட்டணம் இருக்கும். அது அவர்கள் நாட்டுக்குள் மட்டும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டுக்குச் சாதாரண விமானத் தபால் பொதி 4 இறாத்தல், அதாவது 1.8 கிலோ வரை போகும். ஒரு இரட்டைத் தட்டு, பொதி மட்டையோடு ஒரு கிலோவுக்குள் அடங்கும். எனவே இரண்டு இரட்டைத் தட்டுகளை ஒன்றாக எடுத்தால் தட்டுக்கான தபால் செலவு கணிசமாக இறங்கும். மூன்றாவதைச் சேர்த்தால் எல்லை தாண்டிக் கட்டணம் பாயும். நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஓடர் போடுவது நல்லது.

பின்தொடரும் எண் கட்டாயம் வேண்டும். 13 எழுத்து: முதல் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசி இரண்டு எழுத்து அனுப்பும் நாட்டுக்கு உரியது. அதே எண்ணை இலங்கைத் தபால் திணைக்களத் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

7. வரிக்கு ஒதுக்க வேண்டிய காசு

தட்டு விலையோடு கணக்கை முடிப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். வரி கணிப்பது தட்டின் விலைக்கு மட்டுமில்லை. விலை, காப்புறுதி, தபால் செலவு மூன்றும் சேர்ந்த தொகைக்கு.

இசைத்தட்டு சுங்கத்தின் பொருட்பட்டியலில் 8523.80 என்ற தலைப்பில் வரும். இலங்கைச் சுங்கத்தின் தளத்தில் அந்த எண்ணின் கீழ் அன்றைக்குள்ள சுங்கவரி, செஸ் என்ற மேல்வரி, துறைமுக விமான நிலைய அறவீடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவை அரசிதழ் அறிவித்தலோடு மாறக்கூடியவை. ஓடர் போடும் கிழமையில் பாருங்கள். இவற்றுக்கு மேலே 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாக இருக்கும் பெறுமதிசேர் வரியும். பெறுமதிசேர் வரி கடைசியில், மற்றவற்றைச் சேர்த்த தொகைக்கு மேலே ஏறும்.

ஒரு கணக்குப் போடுவோம். தட்டு 32 டொலர், தபால் 26 டொலர், டொலர் 300 ரூபா என்று வையுங்கள். கூட்டினால் 58 டொலர், 17,400 ரூபா. அதில் 18 வீதம் மட்டுமே 3,132 ரூபா. 2.5 வீதம் இன்னொரு 435 ரூபா. இதுவே 3,567. மற்ற அறவீடுகளும் தபால் கையாளும் கட்டணமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். என் வழக்கம், மொத்தத்தில் நாற்பது வீதத்தைத் தனியாக எடுத்து உறையில் போட்டு வைப்பது. இந்தக் கணக்கில் 7,000 ரூபா சுமார். மிச்சம் வந்தால் அடுத்த தட்டுக்கு. 24,400 ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் 32 டொலர்த் தட்டை ஓடர் போட வேண்டும். அந்தக் காசு இல்லாத மாதத்தில் பொறுத்திருங்கள். கவுண்டரில் நிற்கும்போது காசு போதாமல் போனால் இன்னொரு பயணம்.

8. தபால் அறிவித்தல் வந்ததும்

சில பார்சல் நேரே வீட்டுக்கு வரும். சிலவற்றுக்கு அறிவித்தல் கடிதம் வரும். கடிதத்தை முழுக்க வாசியுங்கள். எங்கே வர வேண்டும், எந்த நாட்களில், எத்தனை நாளுக்குள் என்பது அதிலேயே இருக்கும். எனக்கு வந்தது கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் மத்திய தபால் பரிமாற்றகத்துக்கு.

கொண்டுபோக வேண்டியவை: அறிவித்தலின் மூலப்பிரதி, அடையாள அட்டையும் அதன் பிரதியும், விலைப்பட்டியல், பணம் கட்டிய அத்தாட்சி, பின்தொடரும் எண், ரொக்கக் காசு. பணம் கட்டிய அத்தாட்சி என்பதில் இரண்டு தாள் எடுங்கள்: பேபால் ரசீது, வங்கி அட்டைக் கூற்றில் அந்த வரி உள்ள பக்கம். கைபேசித் திரையில் காட்டலாம் என்று போகாதீர்கள். அச்சுத் தாள் கோப்பில் சேரும், திரை சேராது. நான் என் முதல் பயணத்தில் பெயர்ச் சிக்கலோடு இதையும் தவறவிட்டேன்.

நீங்கள் போக முடியாவிட்டால் கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரை அனுப்பலாம். கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம், உங்கள் அடையாள அட்டைப் பிரதி, போகிறவரின் அடையாள அட்டை மூன்றும் வேண்டும். போகுமுன் அறிவித்தலில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து இது போதுமா என்று கேட்டுவிடுங்கள். என் இரண்டாவது தட்டை வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவின் மகள் அப்படித்தான் எடுத்துத் தந்தார். இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது என்றார் அக்கா.

நீங்களே போவதானால் இரவு ரயிலில் போய் விடிய இறங்கி, கோட்டையிலிருந்து நடந்தே போகலாம். பூரணை நாளையும் பொது விடுமுறையையும் பார்த்துப் புறப்படுங்கள்.

9. கொழும்பிலிருந்து ஊருக்கு

இது சின்ன விசயமாகத் தெரியும். வைனில் பிளாஸ்டிக். வெய்யிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அரை மணித்தியாலம் கிடந்தாலே அலையலையாக வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்துவது எளிதல்ல.

பஸ்ஸில் வந்தால் சாரதிக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடியின் மேல் பார்சலை வைக்க நடத்துநர் கை நீட்டுவார். அன்பாகத்தான் செய்வார். கொடுத்துவிடாதீர்கள். ஹபரணை வருவதற்குள் அந்த மூடி தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். மேலே பைகள் வைக்கும் இடத்தில் படுக்கப்போட்டு அதன்மேல் வேறு பைகள் ஏறவும் விடாதீர்கள். மடியில், நிமிர்த்தி, வெய்யில் படாத பக்கத்தில். இரவுப் பயணமே நல்லது. ஊரில் இறங்கி ஓட்டோவில் ஏறினாலும் பின்பக்கம் போடாமல் கையில் வைத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவந்து தருவதும் ஒரு வழி. அட்டை 31.5 சென்ரிமீற்றர் சதுரம்தான்; கையில் கொண்டுவரும் பெட்டிக்குள் அடங்கும். பெரிய பெட்டியில் வைப்பதென்றால் நடுவில், இரண்டு பக்கமும் துணி அடுக்கி. ஸ்காபரோவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன் சாறிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த தட்டு ஒரு கீறல் இல்லாமல் வந்தது. ஆனால் அவருக்கும் பயணிகள் சுங்க விதி உண்டு. ரசீதைக் கையில் கொடுத்துவிடுங்கள். பத்துத் தட்டை ஒருவர் தலையில் கட்டாதீர்கள்.

10. எங்கள் காலநிலையில் வைத்திருப்பது

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குச் சுவர் இரவிலும் சுடும். அந்தச் சுவரோடு தட்டு வைக்கக் கூடாது. இரும்பு அலுமாரியும் வேண்டாம். உள்ளறையில், மர இறாக்கையில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், புத்தகம் போல நேராக நிறுத்துங்கள். சாய்ந்து நின்றாலும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தாலும் வளையும்.

மாரி தொடங்கியதும் எதிரி மாறும். ஒக்டோபரிலிருந்து அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். புதிய தட்டைச் சுற்றி வரும் இறுக்கமான மெல்லிய பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள். அது சுருங்கி அட்டையை இழுக்கும், ஈரத்தையும் உள்ளே அடைத்து வைக்கும். பதிலாகத் தளர்ந்த வெளியுறை போடுங்கள். கடதாசி உள்ளுறைக்குப் பதிலாக பிளாஸ்டிக் படலம் உள்ள உள்ளுறை மாற்றுங்கள். இறாக்கையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மாதம் ஒருக்கால் மாற்றுங்கள். வெய்யில் வந்த நாளில் தட்டைக் காயவைக்க வெளியே எடுக்காதீர்கள். அறையின் யன்னலைத் திறந்தால் போதும்.

துடைக்கக் கார்பன் இழைத் தூரிகை ஒன்று போதும். ஈரமாகத் துடைக்க வேண்டி வந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் பள்ளத்துக்குள் வெள்ளையாக உப்புப் படியும்.

11. முதல் தடவை போடும்போது

ஊசியை வைத்த உடனே கரகரப்பும் சடசடப்பும் கேட்கும். பயப்படவேண்டாம், உடனே விற்பனையாளருக்கு எழுதவும் வேண்டாம். பழைய தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகள் என்பதால் அந்தத் தட்டுகளின் தூசிச் சத்தமும் இசையின் பகுதியாகவே உள்ளே இருக்கிறது. நான் இதை அறியாமல் தட்டு பழுது என்று முறைப்பாடு எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டேன். சோதிக்கும் வழி இலகுவானது. அதே இடத்தைக் கைபேசியில் கேளுங்கள். அங்கேயும் அதே சத்தம் இருந்தால் அது இசை. தட்டில் மட்டும் சுற்றுக்கு ஒருக்கால் ‘டக்’ என்று கேட்டால் அது கீறல்.

இன்னொன்று: முதல் பக்கத்தின் முதல் துண்டின் பெயரிலேயே ‘அவுட்ரோ’, அதாவது முடிவுத் துண்டு, என்று இருக்கும். லேபிள் மாறி ஒட்டுப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். டில்லா அப்படித்தான் வைத்தார். நாலாம் பக்கத்தின் முடிவு முதல் பக்கத்தின் தொடக்கத்துக்குள் போய்ச் சேரும், டோனட் வட்டம் போல. லேபிள் மாறுவதும் நடக்காத காரியம் இல்லை. பட்டியலை வைத்து நாலு பக்கத்தையும் ஒருக்கால் சரிபாருங்கள்.

நாலு பக்கத்தையும் முழுக்கக் கேட்ட பிறகே விற்பனையாளருக்கு மதிப்புரை போடுங்கள். தட்டு வளைந்திருந்தால் மெசினில் ஓடவிட்டுப் பக்கவாட்டில் ஒரு காணொளி எடுங்கள். அட்டை கிழிந்திருந்தால் பொதி மட்டையோடு சேர்த்துப் படம் எடுங்கள். பார்சலைப் பிரித்த அன்றே எடுத்த படம் என்றால் பெரும்பாலானவர்கள் பாதிக் காசையாவது திருப்பித் தருவார்கள். என் பிளந்த அட்டைக்கு ஆறு டொலர் திரும்பி வந்தது. நான் பொதி மட்டையை எறிந்துவிட்டிருந்தால் அதுவும் வந்திராது.